தேறலும் தோப்பியும் ஒன்றா?

ஒரு பொருளோடு மக்கள் நெருங்கிப் பழகப் பழக, அப்பொருளின் வேறுபாடுகளைக் குறிக்கும் சொற்கள் பெருகும். பழக்கம் அறுந்தால் அச்சொற்கள் அனைத்தும் ஒரே பொருளில் வந்து ஒடுங்கும். மலாக்கா மாநிலத்து டுரியான் துங்கால் வட்டாரத்தில் வளர்ந்த சிறுவன் ஒருவனிடம், 'டுரியான் எவ்வாறு சுவைக்கும்?' என்று வினவினால், அவன் உடனே விடை கூறமாட்டான், 'எந்த டுரியான்?' என்று திருப்பிக் கேட்பான். கைப்பும் இனிப்பும் கலந்தது ஒன்று, வெறும் இனிப்பாய்க் குழைவது ஒன்று, சதை மிகுந்தும் மணம் குறைந்தும் இருப்பது ஒன்று என அவன் பிரித்தறிவான். அப்பழத்தை அறியாத அயல்நாட்டார்க்கோ எல்லா டுரியானும் ஒன்றே; அவருக்குத் தெரிவது அதன் நாற்றம் மட்டுமே.

சங்க இலக்கியத்தில் மதுவைக் குறிக்க வரும் சொற்களைப் பொறுத்தவரை, இன்றைய படிப்பாளர் பெரும்பாலோர் அந்த அயல்நாட்டார் நிலையிலேயே உள்ளனர். கள், தேறல், நறவு, அரியல், பிழி, தோப்பி, மட்டு, வேரி, மகிழ் என அச்சொற்கள் பல. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் கள்ளின் பெயர்களை ஒருங்கே அடுக்கிக் கூறும். வகுப்பறைக் குறிப்பேடுகளும் அவ்வழியே சென்று, 'தேறல் – கள்', 'நறவு – கள்', 'தோப்பி – கள்' என்று எழுதி மேற்செல்கின்றன.

தோட்டப்புறப் பள்ளிகளில் இவ்விரைவு இன்னும் மிகும். குடியால் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகள் எதிரே அமர்ந்திருக்க, பாடலில் வரும் தேறலை விரித்துரைக்க ஆசிரியர் கூசுவர். அக்கூச்சம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும் அதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. பாடலின் பொருள் மங்குவது ஒன்று. 'சங்கப் புலவரே குடித்தனர். நாம் குடித்தால் என்ன?' என்று பின்னாளில் ஒருவன் கேட்கும்போது, அவனுக்கு விடைகூறும் வகை தெரியாமற் போவது மற்றொன்று. அவ்வினாவிற்குரிய விடை, அச்சொற்களின் வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

அவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, வகைபிரித்துப் பெயரிடப்பெற்ற அயல்நாட்டு மது ஒன்றை அளவுகோலாகக் கொள்ளுதல் பயன்தரும். ஜின் என்பதே அதற்கு ஏற்றது. மலாக்காவின் வரலாற்றோடும் அதற்குத் தொடர்புண்டு.

ஜின் என்பது யாது?

ஜூனிப்பர் என்பது குளிர்நாடுகளில் வளரும் ஒருவகை ஊசியிலைச் செடி. அதன் சிறு காய்கள் நீலம் படர்ந்த கருமை நிறமுடையவை. பார்வைக்கு மிளகைவிடச் சற்றுப் பெரியவை. நசுக்கினால் பைன் மரப்பிசினை ஒத்த மணம் எழும். டச்சுக்காரர் இக்காயின் மணமேற்றிய சாராயத்தை ஜெனீவர் என்றனர். ஆங்கிலேயர் அப்பெயரைச் சுருக்கி ஜின் ஆக்கினர். 1641-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர்கள் இந்த டச்சுக்காரர்களே.

ஜின் செய்யும் முறை எளிதில் விளங்கக்கூடியது. தானியத்தை நொதிக்கவைத்து, வாலையில் வடித்து, மணமும் சுவையும் ஏறத்தாழ அற்ற சாராயத்தை முதலில் பெறுகின்றனர். பின்னர் ஜூனிப்பர் காயையும் பிற மணப்பொருள்களையும் அதிலிட்டு மீண்டும் வடிக்கின்றனர். அம்மணப்பொருள்களின் பட்டியல் தமிழருக்கு வியப்பளிக்கும். ஜூனிப்பருக்கு அடுத்த இடம் பெறுவது கொத்தமல்லி விதை. அதிமதுரம், இலவங்கப்பட்டை, ஏலம், வால்மிளகு, சாதிக்காய், எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல் என அது நீளும். ஜூனிப்பரையும் ஓரிரு வேர்களையும் நீக்கிவிட்டால், எஞ்சுவன அனைத்தும் நாட்டு மருந்துக் கடையிலும் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் கிடைப்பனவே. இவற்றுள் பலவும் கீழைக்கடல் வாணிகத்தால் ஐரோப்பா சென்றவை. மலாக்காத் துறைமுகமே அவ்வாணிகத்தின் பெருங்கூடமாக விளங்கியது.

வகைகளும் அவற்றை ஒப்பிடும் முறையும்

ஜின்னின் வகைகளை ஆராய்வோர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பர். ஒரே அளவான சிறு கிண்ணங்களில் ஒவ்வொரு வகையிலும் சிறிதளவு ஊற்றி, பனிக்கட்டி சேர்க்காமல் வைப்பர். குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும் என்பதே காரணம். முதலில் முகர்வர். பிறகு எல்லாவற்றிலும் ஒரே அளவு நீர் கலந்து மீண்டும் முகர்வர். ஆல்கஹாலின் எரிவு தணிந்து, அதுவரை மறைந்திருந்த மணங்கள் அப்போது வெளிப்படும். அதன் பின்னரே நாவில் ஒரு துளி வைத்து, முதற்சுவை, இடைச்சுவை, விழுங்கியபின் எஞ்சும் சுவை என மூன்றையும் குறிப்பர். தேர்ந்த சுவைஞர் வாயிலிட்டதை விழுங்காமல் உமிழ்ந்துவிடுவதும் உண்டு. மயங்கியவன் வேறுபாடு அறியான் அன்றோ?

இவ்வாறு ஒப்பிடும்போது தெரியவரும் முதன்மை வகைகள் சில.

ஜெனீவர் இவற்றுள் பழையது. முளைகட்டிய தானியத்திலிருந்து வடித்த சாராயம் இதிற் கலந்திருக்கும், ஆதலின் இதில் தானியத்தின் மணம் முந்தும், ஜூனிப்பர் பிந்தும். இதில் 'பழையது', 'இளையது' என இரு பிரிவுகள் உண்டு. பெயரைக் கண்டு, பழையது என்பது பல்லாண்டு ஊறியது என்று கருதலாகாது. பழைய முறையில் செய்தது, புதிய முறையில் செய்தது என்பதே அதன் பொருள். இளையதில் முளைத்தானியச் சாராயத்தின் பங்கு குறைவு. சொல்லின் மேற்போக்கான பொருளை நம்பிவிடக்கூடாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஓல்டு டாம் என்பது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பெருவழக்காய் இருந்தது, இனிப்பூட்டப்பட்டது. சாராயத்தின் குறையை இனிப்பு மறைத்தது.

லண்டன் டிரை என்பது இதற்கு மறுதலை. 1830-இல் ஈனியஸ் காஃபி என்பவர் தொடர்ந்து வடிக்கும் புதிய வாலைக்குக் காப்புரிமை பெற்றபின், குற்றமற்ற சாராயம் பேரளவில் கிடைத்தது. மறைக்க வேண்டிய குறை நீங்கவே, இனிப்பும் நீங்கியது. இவ்வகையில் மணம் முழுவதும் வடித்தலின்போதே ஏறவேண்டும். பின்னர் மணமோ நிறமோ சேர்த்தலாகாது. இப்பெயர் செய்முறையைக் குறிப்பதேயன்றி ஊரைக் குறிப்பதன்று. எந்நாட்டிலும் இதனைச் செய்யலாம்.

கடற்படை வலிமை எனப்படுவது ஏறத்தாழ 57 விழுக்காடு ஆல்கஹால் உடையது. பொதுவான ஜின் ஐரோப்பிய விதிப்படி 37.5 விழுக்காட்டிற்குக் குறையலாகாது.

மலாயாவின் தோட்டத்துரைமார் தம் மன்றங்களில் விரும்பியதோ 'ஜின் பாஹிட்'. பாஹிட் என்பது கைப்பைக் குறிக்கும் மலாய்ச் சொல். கைப்புச் சாறு சில துளி கலந்தமையால் அப்பெயர் பெற்றது. ஜின்னோடு கலக்கப்பெறும் கொய்னா நீரின் கைப்பிற்கு மலைக்காய்ச்சல் காரணமாயிற்று. தோட்டத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாய் மாய்த்த அந்நோய்க்கு மருந்தான கொய்னா, சின்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அதற்காகவே நீலகிரியில் 1860-களில் சின்கோனா பயிரிடப்பட்டது.

இவ்வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு மதுவை மற்றொன்றிலிருந்து பிரிப்பவை ஐந்து என்பது புலனாகும்: எதனால் செய்தது, எம்முறையில் செய்தது, எவ்வாறு மணமூட்டப்பட்டது, எவ்வளவு காலம் எதில் விளைந்தது, எத்துணை வலிமை உடையது. இவ்வைந்தையும் கைக்கொண்டு சங்கப் பாடல்களுக்குத் திரும்புவோம்.

சங்கப் பாடல்களில் ஐந்து வேறுபாடுகள்

முதலாவது, எதனால் செய்தது என்பது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், வேலையற்ற நாளில் பனையிலிருந்து பெற்ற பிழியை மாந்துகின்றனர். திருமுருகாற்றுப்படையில் குறவர் தேனிலிருந்து செய்த தேறலைச் சுற்றத்தோடு உண்கின்றனர். பெரும்பாணாற்றுப்படை, வீட்டிலேயே ஆக்கிய தோப்பியைக் கூறும். உரைகாரர் அதனை நெல்லாற் செய்தது என்பர். நெய்தற்குப் பனை, குறிஞ்சிக்குத் தேன், வயல் சார்ந்த நிலத்திற்கு நெல் என, நிலத்தின் விளைவே மதுவின் மூலப்பொருளாதல் காண்க. புறநானூற்று 24-ஆம் பாடல், பனங்குரும்பை நீர், கருப்பஞ்சாறு, இளநீர் என்னும் மூன்றையும் கலந்து பருகியதனைக் கூறுகிறது. கலந்து சுவைத்தலும் அவர் அறிந்ததே.

மலாக்காவிலும் நிலமே மதுவைத் தீர்மானித்தது. 15-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனர் மா ஹுவான், கடலோரச் சதுப்பில் வளரும் ஒரு மரத்தின் காயிலிருந்து மலாக்கா மக்கள் மது செய்ததை எழுதிவைத்துள்ளார். அவர் குறிப்பது நீப்பா மரம் என்பர். தமிழர் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்தபோது பனை அவர்களோடு வரவில்லை. ஆகவே இங்குக் கள் என்றால் தென்னங்கள் என்றாயிற்று.

இரண்டாவது, செய்முறை. இதனைப் பெரும்பாணாற்றுப்படை போல விரித்துரைக்கும் பழம்பாட்டு அரிது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பை வருணிக்குமிடத்தில் அதனைப் படிப்படியாகக் காட்டுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். வாயகன்ற தட்டிலிட்டு ஆற்றுகின்றனர். புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய அடையை அதிற் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகின்றனர். பின் வலிய வாயுடைய சாடியில் முற்ற விளைந்தபின், விரலால் அலைத்துப் பிழிகின்றனர். அவ்வடையை நெல்முளையால் ஆகியது என உரைகாரர் விளக்குவர்.

இங்கு இரண்டு ஒப்புமைகள் நோக்கத்தக்கவை. தானியத்தை முளைகட்டினால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அச்சர்க்கரையே நொதித்து மதுவாகும். டச்சுக்காரர் ஜெனீவருக்கு வாற்கோதுமை முளையைப் பயன்படுத்தியதும், தொண்டை நாட்டு வலைஞர் நெல்முளையைப் பயன்படுத்தியதும் இவ்வொரு காரணம் பற்றியே. மற்றொன்று, மலாக்கா மலாய்க்காரர் வீடுகளில் இன்றும் காணக்கூடியது. புளுட் எனப்படும் ஒட்டரிசியை வேகவைத்து, ஆற்றி, 'ராகி' என்னும் வட்டமான வெள்ளை அடையைப் பொடித்துத் தூவி, இரண்டு மூன்று நாள் மூடிவைத்துத் தாப்பாய் செய்வர். (இந்த ராகி கேழ்வரகன்று; நொதிக்கச் செய்யும் மாவடை.) பெரும்பாணாற்றுப்படை அடிகளை நடத்தும் ஆசிரியர், தாப்பாயை நினைவூட்டினாலே போதும், மலேசிய மாணவர்க்கு ஆற்றுதலும் அடையும் இரண்டு நாட் கணக்கும் ஒருங்கே விளங்கிவிடும்.

சொற்களின் வேரும் இச்செய்முறையைக் காட்டும். பிழியப்படுவது பிழி. அரித்தெடுக்கப்படுவது அரியல். கசடு அடியில் தங்க, மேலே தேறி நிற்பது தேறல். தேறுதல் என்பது தெளிதல். கொங்கு நாட்டில் பதநீரைத் தெளுவு என வழங்குதலும் இக்கருத்தோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே பிழி, அரியல், தேறல் என்பன ஒரே மதுவின் மூன்று நிலைகளாகவும் இருத்தல் கூடும். ஒன்றற்கு மற்றொன்று வெறும் மாற்றுச்சொல்லன்று.

இதற்குத் தெளிவான சான்று அகநானூற்று 348-ஆம் பாடலில் உள்ளது. கோடையில் பழுத்த மாங்கனியும் பலாச்சுளையும் தேனிறாலும் கலந்தபோது அதற்குப் பெயர் அரியல். வண்டுகள் அதனை மொய்க்கின்றன. அதே பொருள் நீண்ட மூங்கிற் குழாயில் அடைக்கப்பட்டு முதிர்ந்து, பாம்பின் நஞ்சு போலக் கடுப்பேறியபின் அதற்குப் பெயர் தோப்பி. ஒரு பாடலில், ஒரே பொருளுக்கு, விளைவதற்கு முன் ஒரு பெயரும் விளைந்தபின் ஒரு பெயரும் வருகின்றன. இரண்டிற்கும் 'கள்' என்றே பொருள் எழுதினால், இடையில் நிகழ்ந்த மாற்றம் முழுவதும் மறைந்துபோகிறது. நெல்லாலாகிய தோப்பியும் கனியாலாகிய தோப்பியும் இருத்தலின், இச்சொல் மூலப்பொருளைவிட முற்றிய நிலையையே சிறப்பாகக் குறித்ததோ என்று எண்ணவும் இடமுண்டு.

மூன்றாவது, மணம். நறவு என்னும் சொல் நறுமணத்தின் அடியாகப் பிறந்தது. வேரிக்கும் மணம் என்னும் பொருளுண்டு. தேறல், நறவு, மட்டு, வேரி, கள் ஆகியவை தேனையும் குறித்தல், மதுவிற்கும் தேனிற்கும் இருந்த பழந்தொடர்பைக் காட்டும். புறநானூற்று 56-ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்கப் பாண்டியன் நன்மாறன் மகிழ வேண்டும் என வாழ்த்துகிறார். அக்கலங்களை ஒத்த மத்தியதரைக் கடல்நாட்டுச் சாடிகளின் உடைசல்கள், 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அரிக்கமேட்டு அகழாய்விலும் கிடைத்தன. அத்தகைய சாடிகளின் உட்புறத்தே பைன் மரப்பிசின் பூசுதல் அந்நாட்டார் வழக்கம். பிசின் மணம் மதுவில் ஏறும். ஜூனிப்பரின் பைன் மணத்தை மக்கள் விரும்பியதற்கு முன்னரே, அதனையொத்த மணமொன்று தமிழ் வேந்தர் அவையை எட்டியிருத்தல் கூடும்.

நான்காவது, விளைந்த காலமும் கலமும். மலைபடுகடாமும் திருமுருகாற்றுப்படையும் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைக் கூறுகின்றன. ஐரோப்பியர்க்கு மரப்பீப்பாய் எவ்வாறோ அவ்வாறே குறிஞ்சி நிலத்தார்க்கு மூங்கில். குறிஞ்சிப்பாட்டிலோ கலமே இல்லை; முதிர்ந்த கனிகளும் தேனும் பாறைச் சுனையில் வீழ்ந்து தாமே தேறலாகின்றன. நீரென நினைத்து அதனை உண்ட மயில், கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகளைப் போலத் தளர்கிறது. நொதித்தல் இயற்கையில் தானே நிகழ்வது என்பதனைக் கபிலர் எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறார்!

ஐந்தாவது, வலிமை. விழுக்காட்டுக் கணக்கு அற்ற அக்காலத்தே புலவர் உவமையால் அளந்தனர். சிறுபாணாற்றுப்படை தேறலைச் சினந்த பாம்போடு ஒப்பிடும். புறநானூற்று 392-ஆம் பாடலில் ஔவையார், நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதற்கு ஒப்பிடுவார். பாம்பும் தேளும் நாட்பட விளைந்தவற்றிற்கே உவமையாகின்றன. அன்றிறக்கிய பனம்பிழிக்கு அவ்வுவமை பொருந்தாது.

நொதித்ததும் வடித்ததும்

இத்துணைக் கடுமை கூறினும், இப்பாடல்களில் விரித்துரைக்கப்படும் செய்முறை எதிலும் வாலை இல்லை. ஆவியைக் குளிர்வித்துச் சொட்டுச்சொட்டாய் வடிக்கும் செயல் இல்லை. வீட்டில் 'அடுதல்' என வருமிடத்தும் சமைக்கப்படுவது அரிசியே எனக் கொள்ளத்தகும். எனவே அவை அனைத்தும் நொதித்த மதுக்கள்.

நொதித்தலுக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், ஆல்கஹால் மிகுந்தால் தானே மடியும். பொதுவாக 15 விழுக்காட்டை நெருங்கும்போது நொதித்தல் ஓய்ந்துவிடும். தென்னங்கள் அவ்வளவிற்கும் போகாது. காலையில் இறக்கும்போது இனிப்பாயிருக்கும். நண்பகலில் நுரைத்து 4 முதல் 6 விழுக்காடு வரை ஏறும். மறுநாள் புளித்துக் காடியாகும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் நொதிக்காமல் பதநீராகவே நிற்கும்.

வாலை இவ்வெல்லையை உடைத்துவிட்டது. நீர் 100 பாகையில் கொதிக்கும். ஆல்கஹால் 78 பாகையிலேயே ஆவியாகும். அவ்வாவியைப் பிடித்துக் குளிர்வித்தால், நொதித்தலால் ஒருபோதும் எட்டமுடியாத வலிமை கிட்டும். வாலையின் மூக்கிலிருந்து வியர்வைபோலத் துளிர்த்து விழுதலின், அரபு மொழியில் வியர்வையைக் குறிக்கும் சொல்லே அரக்கு என்னும் மதுப்பெயராயிற்று. மலேசியத் தோட்டங்களில் பேரழிவு செய்த சம்சுவின் பெயரும், மும்முறை எரித்தது எனப் பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பர். பெயரிலேயே அதன் கடுமை பதிந்திருக்கிறது. அதனைச் 'சாராயம்' என்றும் 'தண்ணி' என்றும் அழைத்தபோது அக்கடுமை மறைந்தது.

இவ்விரண்டின் வேறுபாட்டை இலண்டன் மாநகர் பட்டறிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மலிவான ஜின் அங்கே ஏழை மக்களைச் சூறையாடியது. 1751-ஆம் ஆண்டில் வில்லியம் ஹோகார்த் இரண்டு படங்களை வெளியிட்டார். ஒன்றில், நொதித்த பீர் அருந்தும் தெரு செழிப்பாய்த் தோன்றும். மற்றொன்றில், ஜின் அருந்தும் சந்து. மயங்கிய தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி வீழும். அதே ஆண்டில் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. வடித்ததை நொதித்ததுபோல் எண்ணிக் குவளை குவளையாய்க் குடித்தமையே அம்மக்களின் கேட்டிற்கு ஒரு பெருங்காரணம்.

தோட்டத்து வரலாறு

மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர்க்குக் கள்ளும் துரைமார்க்கு ஜின்னும் என்றிருந்தது. பல தோட்டங்களில் கள்ளுக்கடை நிருவாகத்தின் பொறுப்பிலேயே நடந்தது. கூலியாகக் கொடுத்த காசில் ஒரு பகுதி அவ்வழியே திரும்பியது. இதனைத் தொழிலாளர் உணராமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. போருக்குப்பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை எதிர்ப்பை ஓர் இயக்கமாகவே நடத்தினர்.

பின்னாளில் கள் குறைந்த இடத்தில் சம்சு புகுந்தது. அதற்கெதிராகப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் குரல்கொடுத்து வந்துள்ளது. சிறு புட்டியில் அடைத்து மலிவாய் விற்ற அச்சாராயத்தை, கள்ளைக் குடித்துப் பழகியவர் கள்ளைப் போலவே குடித்தனர். குவளை மாறவில்லை, உள்ளிருந்த பொருள் மாறியிருந்தது.

அதனினும் கொடியது கலப்படம். மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படுவது. தோற்றத்திலும் மணத்திலும் குடிக்கும் ஆல்கஹாலை ஒத்திருக்கும். உடலுட் சென்றால் அமிலமாக மாறிக் கண்பார்வையையும் உயிரையும் போக்கும். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாளேடுகள் அதனைக் கள்ளச்சாராயம் என எழுதின. அச்சொல்லிலுள்ள 'கள்ள' என்பது கள்ளம் என்பதன் அடியாக வந்தது. பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதனையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

'பழந்தமிழர் குடித்தனரே' என்பார்க்கு விடை இப்போது எளிது. அவர் குடித்தது நொதித்தது. இன்று விற்பது பெரும்பாலும் வடித்தது. பாம்புக்கும் தேளுக்கும் ஒப்பிட்ட அவருடைய கடுந்தேறலும், 40 விழுக்காட்டு ஜின்னின் முன்னோ சம்சுவின் முன்னோ மென்மையானதே. ஒன்றைக் காட்டி மற்றொன்றிற்கு உரிமை கோருதல் பொருந்தாது.

மேலும், அப்பாடல்கள் குடியின் விளைவை மறைத்தவையும் அல்ல. முன் எடுத்துக்காட்டிய அகநானூற்றுப் பாடலில், தோப்பியை மாந்திய குறவர் தம் தினைப்புனத்தைக் காக்க மறந்தனர். யானைகள் புகுந்து தினையைக் கவர்ந்தன. ஓர் ஆண்டின் உணவு ஒரு பொழுதின் மயக்கத்தில் போயிற்று. தோப்பியின் சுவையையும் கடுப்பையும் விளக்கும் ஆசிரியர், யானை கவர்ந்த தினையையும் விளக்குவாராயின், அறிவுரை தனியே கூறவேண்டுவதில்லை. சம்பள நாளின் மாலையை அறிந்த பிள்ளைகளுக்கு அந்தத் தினைப்புனம் எதுவென்று தானே விளங்கும்.

திருவள்ளுவர் 93-ஆம் அதிகாரத்தில் கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடு ஒப்பவைத்தார். அவர் அதிகாரத்தின் பெயர் கள்ளுண்ணாமை. நொதித்த கள்ளுக்கே அவர் அவ்வாறு கூறினாராயின், வடித்த சம்சுவிற்கு எவ்வளவு வன்மையாகக் கூறியிருப்பார்!

ஆதலின் அடுத்த முறை பாடலில் தேறல் வரும்போது, 'கள்' என்று எழுதி விரையாது, எதனால், எவ்வாறு, எம்மணத்தோடு, எதில் விளைந்து, எவ்வளவு கடுமையோடு என்னும் ஐந்து வினாக்களையும் கரும்பலகையில் எழுதுக. பாட்டிலிருந்தே மாணவர் விடை தேடட்டும். பெயரைப் பிரித்தறியப் பழகிய பிள்ளை, நாளை தன்முன் நீட்டப்படும் குவளையில் இருப்பது யாதென்றும் கேட்பான்.